நெல்வயலின் பச்சை பெட்டியில் இல்லை

நான் வாங்கிய முதல் பேஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி) பெட்டியில் 64 அரைத்துண்டுகள் இருந்தன. அவற்றுள் பச்சை என்று சொல்லத்தக்கவை 9. அந்த 9 துண்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆடி மாதக் காலை ஒன்றில் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே கன்னடியன் கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்தேன். எதிரே, நட்டு இருபது நாளுக்கு மேலான கார் போக நெல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வயலோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்று பாசியைப் போல் இருண்டிருந்தது. இன்னொன்று பிளாஸ்டிக் குடத்தின் பச்சை. மற்றொன்றில் நீலம் மிகுந்திருந்தது. வயலின் பச்சை அந்த ஒன்பதில் எதிலும் இல்லை. அன்றைக்கு எதுவும் வரையாமல் வீடு திரும்பினேன். அந்தப் பச்சையைத் தேடியே பிறகு ஆறு ஆண்டுகள் கழிந்தன. ஓவியம் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்தத் தேடலின் வழியில் கிடைத்தது.

எனக்கு ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் வாய்க்கவில்லை. பள்ளியில் வாரத்துக்கு ஒரு முறை வந்த ஓவிய வகுப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு வணிகவியல், கணக்கு, வெளியூரில் கூட்டுறவு வங்கி வேலை, திருமணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை ஓடியது. அம்மாவைக் கவனித்துக்கொள்ள 41 வயதில் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தபோதுதான், விடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் எனக்கென்று முழுதாகக் கிடைத்தது. முதலில் நீர்வண்ணத்தை முயன்றேன். ஆடிக் காற்றில் தாள் நொடியில் காய்ந்துவிட, மலையின் விளிம்பை இளக்குவதற்குள் அது கோடாக உறைந்து போயிற்று. எண்ணெய் வண்ணத்துக்கு அறை வேண்டும், காய நாள் வேண்டும், டர்ப்பன்டைன் வாசத்தைத் தாங்கும் வீடு வேண்டும். இணையத்தில் தேடியபோது சாஃப்ட் பேஸ்டல் என்ற பெயர் கண்ணில் பட்டது. ஊரில் உள்ள எழுதுபொருள் கடைகளில் கேட்டால் பிள்ளைகள் பயன்படுத்தும் ஆயில் பேஸ்டலைத்தான் எடுத்துத் தருவார்கள். அது மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது. தன்மையில் முற்றிலும் வேறு. எனவே மன்ஜியோ என்ற கொரியத் தயாரிப்பை அஞ்சல் வழி தருவித்தேன். பெட்டி வந்து சேர்ந்தபோது பாதித் துண்டுகள் உடைந்திருந்தன. அப்போது வருந்தினேன். ஆனால் பேஸ்டலை முனையால் கோடாக இழுப்பதைவிட, உடைந்த சிறு துண்டைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் தேய்க்கும்போதுதான் வயலும் வானும் அகலமாக விழும் என்பதைச் சில வாரங்களில் கைகள் கண்டுகொண்டன. இப்போது புதிய துண்டு வாங்கினாலும் முதல் வேலையாக அதை இரண்டாக ஒடித்துவிடுகிறேன்.

பேஸ்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே விளக்குவேன். கோவில் மதிலில் மாறி மாறிப் பூசியிருக்கும் காவியும் வெள்ளையும் எல்லோருக்கும் தெரியும். காவிக்கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. அதே இரும்பு ஆக்சைடுதான் பேஸ்டல் பெட்டியில் உள்ள செங்காவி, மஞ்சட்காவி, பழுப்பு ஆகியவற்றின் நிறமி. அதோடு சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த வெண்பொடியைக் கலந்து வெளிர் நிறங்களைப் பெறுகிறார்கள். மிகச் சிறிதளவு பிசின் நீர் ஊற்றிப் பிசைந்து, கோலாக உருட்டிக் காய வைக்கிறார்கள். பிசின் எவ்வளவு குறைவோ அவ்வளவு மென்மை. வேறு எந்த வண்ணத்திலும் நிறமியின் மேல் எண்ணெயோ பசையோ ஒரு படலமாக மூடியிருக்கும். பேஸ்டலில் அந்த மூடல் மிகக் குறைவு என்பதால் ஒளி நேரடியாகத் துகள் மேல் பட்டுச் சிதறுகிறது. மார்கழி வாசலில் வண்ணக் கோலப்பொடிக்கு உள்ள அந்த உயிர்த்த நிறம் தாளில் கிடைப்பது இதனால்தான். பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அளவாக விடும் பழக்கம் சிறு வயது முதலே எனக்கு இருந்தது. முதல் நாளிலேயே இந்தப் பொருள் கைக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் வரலாற்றில் எனக்கு வேண்டியவர்கள் மில்லே, பூதான் என்ற பிரெஞ்சு ஓவியர் இருவர். பேஸ்டல் நெடுங்காலம் முகங்களுக்கு உரியதாகவே இருந்தது. வெனிஸ் நகரத்து ஓவியர் ரோசால்பா கரியேரா 1720ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போய் அங்குள்ளவர்களை இதன் மேல் மோகம் கொள்ளச் செய்தார். அந்த நூற்றாண்டு முழுவதும் பிரபுக்களின் கன்னங்களும் பட்டாடைகளும்தான் இதில் வரையப்பட்டன. நிலத்தை வரைய இதைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினர். அவர்களுள் உழவர் குடும்பத்தில் பிறந்த மில்லே, 1865 முதல் சில ஆண்டுகள் ஒரு புரவலருக்காக வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தொடர்ந்து பேஸ்டலில் தீட்டினார். இன்னொருவர் பூதான். லெ ஆவ்ர் துறைமுக நகரில் இளமையில் எழுதுபொருளும் படச் சட்டமும் விற்கும் கடை வைத்திருந்தவர். கடற்கரை வானத்தைப் பேஸ்டலில் சிறு சிறு படங்களாக வரைந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைப் பற்றிப் படித்த இரவே நான் ஒரு பழைய கணக்குப் பேரேட்டை எடுத்து, அதுவரை வரைந்திருந்த படங்களுக்கெல்லாம் நினைவில் இருந்த மட்டும் நாளும் நேரமும் எழுதினேன். அன்று முதல் இன்று வரை ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தேதி, மணி, காற்று, பயிரின் வயது ஆகிய நான்கும் இருக்கும். கடைசியாகச் சொன்னது நானாகச் சேர்த்துக்கொண்டது.

நான் வரையும் நிலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கிலும் தென்மேற்கிலும் மலை. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளிக்கு வருகிறது. மாஞ்சோலைப் பக்கத்திலிருந்து இறங்கும் மணிமுத்தாறு அதோடு கலக்கிறது. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய்களுக்குக் கீழே இரு போகம் நெல். ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்தால் கார். ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை பிசானம். பாபநாசம் அணை முழுதாக நிரம்பினால் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாளிதழில் அன்றைய மட்டத்தைப் பார்ப்பது இங்கே காப்பி குடிப்பதைப் போன்ற காலைப் பழக்கம். நானும் பார்க்கிறேன். அடுத்த வாரம் என் வயலில் வானம் தெரியுமா, வெடித்த மண் தெரியுமா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

காணொளிகளைப் பார்த்துக் கற்றவள் என்பதால் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்க ஓவியர்கள் சொல்லும் விதிகளை அப்படியே பின்பற்றினேன். அவற்றுள் முதன்மையானது ஒளியின் படிநிலை பற்றியது. வானம்தான் எப்போதும் மிக வெளிச்சமானது. அதற்கு அடுத்தது வானத்தை நோக்கிப் படுத்திருக்கும் தரை. பிறகு சரிவான மலைகள். நிமிர்ந்து நிற்கும் மரங்கள் எல்லாவற்றிலும் இருண்டவை. கண்களைச் சுருக்கி, நிறத்தை மறந்து, இந்த நான்கு படிகளை மட்டும் பார் என்பார்கள். மிக நல்ல விதி. ஆறு மாதம் இதன்படி வரைந்தேன், படங்கள் நிற்கத் தொடங்கின. பிறகு பிசான நடவு வந்தது. உழுது தொளியடித்துத் தண்ணீர் கட்டிய வயலின் முன் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தபோது தரை என்ற படியே காணாமல் போயிருந்தது. வானம் கீழேயும் இருந்தது. வரப்புகள் மட்டும் கருங்கோடுகளாக அதைக் கட்டங்களாகப் பிரித்திருந்தன. தரையை வானத்துக்கு ஒரு படி கீழே வைக்க வேண்டும் என்று மனம் சொல்ல, கண் மறுத்தது. அன்று வரைந்த படத்தில் விதியைக் கேட்டேன். வயல் சிமெண்டுத் தளம்போல் வந்தது. மறுநாள் அதே நேரத்தில் போய்க் கண்ணைக் கேட்டேன். மேலே வானத்துக்குத் தேய்த்த அதே வெளிர் ஊதாவையும் அதே எலுமிச்சை வெள்ளையையும் கீழேயும் தேய்த்து, நாற்று முடிச்சுகள் கிடந்த இடங்களில் மட்டும் பச்சையைத் தொட்டு வைத்தேன். தாளில் தண்ணீர் நின்றது. தண்ணீர் கட்டிய நெல்வயலைப் பார்த்து எழுதப்பட்ட விதி அல்ல அது என்று புரிந்தபோது, இந்த நிலத்துக்கான விதிகளை இந்த நிலத்தின் முன் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருக்கும் என்றும் புரிந்தது.

ஒளியின் நேரமும் அப்படியே. சாய்ந்த ஒளியும் நீண்ட நிழலும் நாள் முழுதும் கிடைக்கும் நாடுகளில் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய் வரையலாம். இங்கே சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். பனைகூடத் தட்டையாகத் தெரியும். காலை எட்டரைக்கு மேல் நான் பெட்டியை மூடிவிடுவேன். மாலையில் வேறொரு சிக்கல் உண்டு. மலை மேற்கில் இருப்பதால், சூரியன் அடிவானத்துக்கு வரும் முன்பே மலைக்குப் பின்னே போய்விடுகிறது. வானம் இன்னும் பொன்னாக இருக்க, மலையின் நிழல் சமவெளியின் மேல் வந்து படிந்து, வயல் முழுதும் நீலம் கலந்த பச்சையாகக் குளிர்ந்துவிடும். அந்த இருபது நிமிடங்கள் நான் பார்த்தவற்றிலேயே மிக அழகானவை. அதை இதுவரை ஒரு முறைதான் ஓரளவுக்குப் பிடித்திருக்கிறேன்.

தொலைவில் உள்ளது மங்கி நீலமாகும் என்ற விதியையும் மலை எனக்கு அடிக்கடி கலைத்துக் காட்டும். மாசியில் மலை இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு வெளிறிப் போகும். வானத்தின் நிறத்தைவிட அரைப்படி கூடுதலான ஒரு சாம்பல் நீலம் போதும். ஆனால் ஆனி மாதச் சாரலில் காற்று கழுவப்பட்டதும் அதே மலை கருநீலமாகி, பாறை மடிப்பெல்லாம் தெரிய முன்னே வந்துவிடும். அம்மா அதைப் பார்த்து, "மலை கிட்டக்க வந்து நிக்கி" என்பார். அது நிறத்தைப் பற்றிய மிகத் துல்லியமான வாக்கியம் என்று வரையத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

இனி பச்சைக்கு வருகிறேன்.

நீர்வண்ணக்காரரும் எண்ணெய் வண்ணக்காரரும் தட்டில் கலந்து பார்த்து, பிடிக்காவிட்டால் இன்னொரு துளி சேர்க்கலாம். பேஸ்டலில் அந்த இடைவெளி இல்லை. எந்தத் துண்டை எடுப்பது என்று தீர்மானித்த பிறகுதான் கை தாளைத் தொடுகிறது. கலவை தாளின் மேலேதான் நிகழ வேண்டும். அதுவும் ஒரு நிறத்தின் மேல் மற்றொன்றைக் கோடு கோடாக இட்டு, பார்ப்பவர் கண்ணில் அவை சேரும்படி. விரலால் தேய்த்துக் குழப்பினால் தாளின் சொரசொரப்பு அடைந்து, நிறம் சேறாகிவிடும். ஐந்தாறு அடுக்குக்கு மேல் தாள் எதையும் ஏற்காது. ஆகவே ஒவ்வொரு தொடுகைக்கு முன்பும் அந்தப் பச்சையில் மஞ்சள் எவ்வளவு, நீலம் எவ்வளவு, எவ்வளவு இருள் என்று சொல்லியாக வேண்டும். என்னிடம் அதற்குச் சொற்கள் இல்லை. பச்சை, கிளிப்பச்சை, கரும்பச்சை, பாசிப்பச்சை ஆகியவற்றுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வரப்பில் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு ஆடியில், பெரிதாக வரைந்த படம் ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். நான் வரைந்துகொண்டிருந்த வயலின் சொந்தக்காரர், அறுபதைத் தாண்டியவர், மடையைத் திருப்பிவிட்டு வந்து என் பின்னே நின்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பயிரு வெளிறிக் கெடக்கே யம்மா. இதுக்கு உரம் காணாது" என்றார். நான் அவர் வயலைச் சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் விரல் தாளைக் காட்டிக்கொண்டிருந்தது. காலை வெயிலின் மகிழ்ச்சியைக் காட்டுவதற்காக நான் எலுமிச்சை மஞ்சளைத் தாராளமாக மேலே பூசியிருந்தேன். அவர் கண்ணுக்கு அது தழைச்சத்துக் குறைந்த நெல்.

"அண்ணாச்சி, அப்ப இது எப்படி இருக்கணும்?" என்று கேட்டேன். அவர் வரப்பில் இறங்கி ஒரு தூரின் மேல் இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து, தன் உடம்பின் நிழலில் பிடித்துக் காட்டினார். "வெயில்ல பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். நெழல்ல பாருங்க" என்றார். பின்னர் அவர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் அட்டையையும் காட்டினார். வேளாண் துறையினர் தரும் இலை வண்ண அட்டை. வெளிர் மஞ்சட்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டைகள். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, பத்துத் தூர்களில் முழுதாக விரிந்த மேல் இலையை அதன் மேல் வைத்து, உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான இரகங்களுக்கு நான்காம் பட்டைக்குக் கீழே போனால் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றே போதும். ஓவியப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு வண்ண அட்டவணை அது. பச்சைக்கு மட்டுமே ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூட்டை உரத்தின் விலையும் ஒரு போகத்தின் விளைச்சலும் பொறுப்பு. அம்பாசமுத்திரம் (அம்பை) நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பை 16 இரகம் அங்கிருந்து வந்தது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில் வளர்ந்திருந்தும், நெல்லின் பச்சையை இப்படிப் படிக்க முடியும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

அன்று முதல் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, தாளை வெயிலில் வைக்காமல் என் உடம்பின் நிழலிலோ குடை நிழலிலோ வைப்பது. வெயில் விழும் தாளில் எல்லா நிறமும் வெளிச்சமாகத் தெரிவதால் கை தானாக இருண்ட துண்டை எடுக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கறுத்துப் போயிருக்கும். இரண்டாவது, அவரோடும் மற்றவர்களோடும் பயிரின் பருவத்தைப் பேசிய பிறகே பெட்டியைத் திறப்பது. நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் மிகுதி. அடர்த்தியால் அது ஒளியை உள்ளே வாங்கி வெளியே விடும். நட்ட முதல் வாரத்தில் பயிர் சோர்ந்து பழுப்பேறி, தண்ணீரின் நிறமே மேலோங்கும். பக்கத் தண்டுகள் கிளைத்துத் தூர் வெடிக்கும்போது நீலம் ஏறிக் கருக்கும். கதிர் தண்டுக்குள் அடங்கியிருக்கும் பொதிப் பருவத்தில் தண்டு உருண்டு, பச்சையின் மேல் ஒரு சாம்பல் பூச்சு வரும். கதிர் வந்து பால் பிடிக்கும்போது மேலே வெள்ளிப் பச்சை, கீழே கரும்பச்சை என்று வயல் இரண்டாகப் பிரியும். பிறகு மணி முற்ற முற்றக் கதிர் பொன்னாக, இலை மட்டும் சில நாள் பச்சையாகவே நிற்கும். அந்தக் கலப்பு நாட்களில் எந்த ஒற்றைத் துண்டும் உதவாது. பொன்னையும் பச்சையையும் அடுத்தடுத்துச் சிறு கீறல்களாக இட வேண்டும்.

பச்சையை எதன் மேல் இடுவது என்பது அடுத்த கேள்வி. வெள்ளைத் தாளில் பச்சை கத்தும். சாம்பல் தாளில் அடங்கிப்போகும். காணொளி ஒன்றில் ஓவியர் ஒருவர் அடியில் செம்பழுப்பு பூசி அதன் மேல் மரங்களை வரைந்ததைப் பார்த்துவிட்டு, நானும் செங்காவியை அடித்தளமாகத் தேய்த்துப் பார்த்தேன். பச்சையின் இடைவெளிகளில் சிவப்பு துளித்துளியாகத் தெரிந்தபோது வயல் அசைந்தது. ஆனால் கடைச் செங்காவி எனக்குச் சற்று ஊதாவாகத் தோன்றியது. மனத்தில் இருந்த சிவப்பு திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண்ணின் சிவப்பு.

தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. குதிரைமொழித் தேரியில் மணற்குன்றுகள் அலையலையாக, செங்கல்லைப் பொடித்துக் கொட்டியதுபோல் கிடக்கும். அடிப்படையில் அதுவும் கடற்கரையில் உள்ள குவார்ட்ஸ் மணல்தான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. அந்தப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு டப்பா மண் கேட்டு வாங்கி வந்தேன். வாளித் தண்ணீரில் போட்டுக் கைகளுக்கு நடுவே நன்றாகத் தேய்த்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நின்ற செந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு நாள் தெளியவிட்டு, தெளிந்த நீரை வடித்து, அடியில் படிந்த செங்குழம்பைத் துணியில் காய வைத்தேன். ஒரு டப்பா மண்ணில் கிடைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. அதை அம்மியில் அரைத்து, வெண்பொடி கொஞ்சம் சேர்த்து, கருவேலம் பிசினைக் கரைத்து ஊற்றி உருட்டினேன். காய்ந்ததும் அது சிலேட்டுக் குச்சிபோல் இறுகி, தாளைக் கீறியது. மறுமுறை பிசினுக்குப் பதிலாக நீர்க்க வடித்த கஞ்சித் தண்ணீரை ஊற்றினேன். நிழலில் நான்கு நாள் காய்ந்த பிறகு எடுத்துத் தாளில் இழுத்தபோது, வெண்ணெய்போல் இறங்கியது. சிவப்பு நான் நினைத்ததைவிட ஆரஞ்சு கலந்ததாக, சூடாக இருந்தது. அந்தக் குச்சிகள் தீரும்வரை பொருநைக்கரை வயல்கள் எல்லாம் என் தாளில் தேரியின் மேல்தான் விளைந்தன.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஓராண்டு நான் பழகியது ஹார்டுவேர் கடையில் வாங்கிய 400ஆம் எண் உப்புத்தாளில். பொடியை அது நன்றாகப் பிடித்தது; ஆனால் ஓவியம் நெடுநாள் நிற்கத் தக்க பொருள் அல்ல. பிறகு கான்சன் என்ற நிறுவனத்தின் ஓவியத் தாள். அதன் ஒரு பக்கத்தில் தேனடை போன்ற வரி இருக்கிறது, அது வானத்தில் தெரிந்து உறுத்துவதால் நான் மறுபக்கத்தையே பயன்படுத்துகிறேன். இப்போது தடித்த அட்டையில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சோடு சலித்த சலவைக்கல் பொடியைக் கலந்து நானே பூசிக்கொள்கிறேன். மாதச் சம்பளத்தில் வண்ணத்துக்கென்று ஒதுக்கும் தொகை துண்டுகளுக்கே சரியாகிவிடுகிறது. ரெம்ப்ராண்ட் என்ற தயாரிப்பின் துண்டுகள் அடி அடுக்குக்கு, செனலியே என்ற தயாரிப்பின் துண்டுகள் கடைசித் தொடுகைக்கு என்று ஆண்டுக்குச் சிலவாகச் சேர்த்தவை. கொக்குகளுக்காக மட்டும் ஒரு செனலியே வெள்ளை வைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, ஒரே அழுத்தத்தில், திருத்தமின்றி இடும் வெள்ளை அது. தூளை வாயால் ஊதக் கூடாது என்பதைத் தொடங்குபவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். சில நிறமிகளில் காட்மியம் உண்டு. தாளை நிமிர்த்தி வைத்தால் தூள் தானாகக் கீழே விழும். அடியில் ஈரத்துணி போதும்.

ஒரு பெண் விடியற்காலையில் முக்காலியும் பலகையுமாக வரப்பில் உட்காருவது முதலில் ஊருக்குப் புதிராக இருந்தது. முதல் மாதத்தில் இரண்டு பேர் தனித்தனியே வந்து, "சர்வேக்கு வந்திருக்கீங்களா?" என்று கவலையோடு கேட்டார்கள். சாலைக்கோ மனைப்பிரிவுக்கோ நிலம் அளக்கப்படுகிறது என்ற அச்சம் அந்தக் கேள்வியில் இருந்தது. எனக்கு நெஞ்சு பதைத்தது. உடனே தாளைத் திருப்பிக் காட்டினேன். அதன் பிறகு யார் வந்தாலும் அவர்கள் கேட்கும் முன்பே தாளைத் திருப்பிவிடுவேன். களையெடுக்கும் பெண்கள் வரப்பில் அமர்ந்து சாப்பிடும் நேரத்தில் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, தாங்கள் நின்ற இடத்தைத் தேடுவார்கள். நான் மனிதர்களை வரைவதில்லை என்பது அவர்களுக்குக் குறையாகவே இருக்கிறது. தொலைவில் குனிந்த முதுகுகளை நாலு தொடுகையில் வைக்க இப்போது பழகி வருகிறேன்.

படங்களைக் காப்பது இன்னும் எனக்குக் கடினமாகவே இருக்கிறது. மூன்றாம் ஆண்டு ஒரு கடையில் சாமி படத்துக்குச் சட்டமிடுவதுபோலவே கண்ணாடியைத் தாளோடு ஒட்டி வைத்துச் சட்டமிட்டுத் தந்தார்கள். ஐப்பசி மழை முடிந்து பார்த்தபோது, வானம் முழுதும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கருநீல மலைமேல் சாம்பல் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பதினோரு படங்கள் போயின. அவற்றுள் அந்த இருபது நிமிட மாலைப் படமும் ஒன்று. அதற்காக அழுதேன். இப்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டைப் பட்டி வைத்து இடைவெளி விடச் சொல்கிறேன். தச்சரோடு உட்கார்ந்து அளவைக் குறித்துத் தருகிறேன். சட்டமிடாதவற்றை வழவழப்பான கிளாசின் தாள் இடையிட்டுத் தட்டையாக அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். நிறத்தை நிலைநிறுத்தும் தெளிப்பானை நான் பயன்படுத்துவதில்லை. அது வெளிர் நிறங்களை இருளச் செய்கிறது, தண்ணீர் கட்டிய வயலில் எனக்கு வேண்டியதே அந்த வெளிர் நிறம்தான்.

போன கார்த்திகை முதல் வரைந்த படங்களை எல்லாம் தை மாதத்தில் ஒருநாள் அண்ணாச்சியின் வீட்டுத் திண்ணையில் பரப்பினேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். தேதியை நான் பின்புறத்தில் எழுதியிருந்தேன். அவர் முன்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றில், "இது நட்டு ஒரு மாசம் இருக்கும்" என்றார். திருப்பினேன்: 32ஆம் நாள். இன்னொன்றைப் பார்த்து, வடக்கு மூலையில் தண்ணீர் ஏறவில்லை, அங்கே மேடு என்றார். மேடுதான், நான் அங்கே காரணம் தெரியாமல் கண்ணில் பட்டபடி கொஞ்சம் செம்மஞ்சளை வைத்திருந்தேன். கடைசிப் படம் முந்திய வாரம் வரைந்தது. தேரிச் செம்மண்ணின் மேல் நான்கு பச்சைகள், மேலே அந்தச் சாம்பல் பூச்சு. அதை முழங்கையின் தூரத்தில் வைத்துக்கொண்டு, திண்ணையின் நிழலுக்குள் உடம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"பொதியா இருக்கு. பத்து நாள்ல கதிரு தள்ளிரும்" என்றார்.

பேனாவை வாங்கி, பின்புறத்தில் தேதிக்கும் காற்றுக்கும் கீழே அதையும் எழுதிக்கொண்டேன்.